கட்டிலில் வந்த தாய்மாமன்

உடம்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே சிலருக்கு அது கைவிடும்போதுதான் தெரிகிறது. எனக்கு அது முப்பத்தாறாவது வயதில், ஒரு பங்குனி மாதக் காலையில், கரிசல் காட்டின் நடுவில், மேளதாளத்தோடு தெரிந்தது. அதுவரை கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் சட்டை மாட்டுவதற்காகக் கொடுக்கப்பட்ட வசதி என்றுதான் நினைத்திருந்தேன். உடம்பை வைத்துக்கொண்டு கஷ்டப்படுவது விளையாட்டுக்காரர்கள் வேலை. எங்கள் ஊரில் விடிந்தும் விடியாமல் ஹாக்கி மட்டையோடு மைதானத்துக்குப் போகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும். (கோவில்பட்டியில் பிறந்தும் ஹாக்கி மட்டையைத் தொடாதவர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால் நான்தான் ஆயுட்காலத் தலைவர்.)

என் பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. செல்போன் இன்னும் பெரிய முதலாளிகளின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருந்தேன். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. இடது கையை நீட்டினால் போன் பில் மெஷின், வலது கையை நீட்டினால் ஜெராக்ஸ், காலால் ஓர் உந்து உந்தினால் ஃபேன் சுவிட்ச். எதற்கும் எழுந்திருக்க வேண்டாதபடி அந்தக் கடையை அமைக்க ஒரு மாதம் யோசித்திருக்கிறேன். டீ ஜன்னல் வழியாக வரும், கூடவே பஜ்ஜியும் வரும். வீடு இரண்டு தெரு தள்ளி, அதற்கும் ஸ்கூட்டர்தான். ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்வது ஒன்றுதான் நான் செய்துவந்த உடற்பயிற்சி. பட்டன் ஸ்டார்ட் வண்டி வந்ததும் அதையும் நிறுத்திக்கொண்டேன்.

என் தங்கை செண்பகத்தை எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் கொடுத்திருந்தோம். ஆடும் மாடும் மேய்த்துப் பெருகிய குடும்பம். இப்போது மிளகாய், பருத்தி, உளுந்து என்று வெள்ளாமையும் உண்டு. அவளுடைய மூத்த பெண் மகேஸ்வரி, எங்களுக்கு மகா, பிறந்தபோது கையில் எடுக்கவே பயமாக இருக்கும். குறை மாதம், மஞ்சள் காமாலை வேறு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். செண்பகம் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி, புகுந்த வீட்டுக் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். "சாமி, இந்தப் பிள்ளையப் பிழைக்க வச்சிரு. உன் வாசல்ல மொட்ட எடுத்துக் காது குத்துதேன். எங்க அண்ணன் தோள்ல வச்சுத் தூக்கிட்டு வருவாரு. வண்டிய விட்டு இறங்குனா அண்ணன் தோளு, தோள விட்டு இறங்குனா உன் சன்னதி. நடுவுல பிள்ள கால் மண்ணுல படாது."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். கண் கலங்கிப்போய்த் தலையை வேறு ஆட்டினேன். அப்போது அந்தக் குழந்தை ஒரு நல்ல தேங்காயின் கனம்கூட இருக்காது. இந்த நேர்ச்சை இத்தனை கிலோ வரைக்கும்தான் செல்லும் என்று சாமியிடம் ஒரு பேச்சு பேசிவைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. முதல் வருடம் மழை இல்லை, காட்டில் ஒன்றும் விளையவில்லை, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்கள். அடுத்த வருடம் செண்பகத்தின் மாமனார் போய்விட்டார், துக்கம். அதற்கடுத்து என் கல்யாணத்தில் பந்தியில் யாருக்கோ பாயசம் வரவில்லை என்று இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லை. பாயசம் சமாதானமானபோது நான் புதிதாகக் கடை போட்டிருந்தேன். பூத்தை யார் பார்ப்பது? இப்படியே மகாவுக்கு ஏழு வயது ஆகிவிட்டது. சாமி காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை என்று கம்பங்கூழும் வெண்ணெயும் ஆட்டுக்கறியுமாக ஊட்டி வளர்த்திருந்தார்கள். அவள் ஒரு பக்கம் திடமாகிக்கொண்டே வந்தாள், நான் ஒரு பக்கம் தொளதொளத்துக்கொண்டே வந்தேன்.

காது குத்தாத ஏழு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சும்மா விடுவார்களா? ஒட்டுக் கம்மலைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு போவாளாம், மத்தியானத்துக்குள் ஒன்று விழுந்துவிடுமாம். அவளுக்கென்று வாங்கிய ஜிமிக்கி பீரோவில் கிடந்தது. மொட்டைக்கு அவள் சம்மதித்ததே அந்த ஜிமிக்கிக்காகத்தான்.

ஒரு நாள் செண்பகம் பூத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பங்குனி கடைசியில வச்சாச்சு. இனி தள்ள முடியாது. நீங்க இப்பவே கொஞ்சம் நடந்து கிடந்து பழகிக்கிடுங்க. மகா கொஞ்சம் கனந்தான்."

"கனம்னா எம்புட்டு?"

"அரிசி மூட்டைன்னு சொல்ல முடியாது. அதுல பாதின்னு வைங்களேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு ஏலலன்னா கருப்பசாமி தூக்குதேன்னு நிக்கான். அப்பறம் நான் இந்த வீட்ல இருக்குத காலம் மட்டும் அதச் சொல்லியே காட்டுவாக. பாத்துக்கிடுங்க" என்றாள்.

கருப்பசாமி அவளுடைய கொழுந்தன், மகாவுக்குச் சித்தப்பா. ஒல்லியான ஆள். ஒரு கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தபடி ஓடைக்கரை ஏறுகிறவன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் அது தாய்மாமன் விசேஷம். முதல் மாலை அவனுக்கு, பிள்ளையை உட்காரவைக்கும் மடி அவனுடையது. பிறந்த வீட்டுக்காரன் முதுகெலும்போடு வந்து நிற்கிறான் என்று ஊருக்குக் காட்டுகிற நாள் அது. அந்த இடத்தில் அண்ணன் மூச்சு முட்டி நிற்க, கொழுந்தன் வந்து பிள்ளையை வாங்கினால் என் தங்கை தலை நிமிர முடியாது. இது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயமாக இருந்தது.

என் மனைவி விஜயா அன்று சாயங்காலமே வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போனேன். கால் சுற்று நடந்ததும் விலாவில் பிடித்துக்கொண்டது. ஹாக்கிப் பையன்கள் என்னை வலப்பக்கமும் இடப்பக்கமும் பிரிந்து கடந்து போனார்கள், ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைக் கடந்து போகிற மாதிரி. மைதானத்து வாசலில் ஒரு டீக்கடை. நடைபயிற்சிக்கு வந்த பெரிய மனிதர்களெல்லாம் அங்கேதான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உளுந்த வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வெளியே வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு வடை என்று நான் ஒரு நியாயமான ஏற்பாடு செய்துகொண்டேன். பிறகு சுற்று குறைந்தது, வடை குறையவில்லை.

ஒரு வாரம் போனதும் ரயில்வே ஸ்டேஷனில் இருந்த எடை மெஷினில் ஏறிக் காசு போட்டேன். விளக்கெல்லாம் சுற்றி, சீட்டு விழுந்தது. எடை கூடியிருந்தது. சீட்டின் பின்பக்கம், "உங்கள் முயற்சிக்கு ஏற்ற பலன் கிடைக்கும்" என்று அச்சடித்திருந்தது. அதைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன். ஷூவை விஜயாவின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

கால் கைவிட்டதும் மூளை வேலை செய்தது. நேர்ச்சை என்ன? வண்டியை விட்டு இறங்கின இடத்திலிருந்து சன்னதி வரைக்கும். அப்படியானால் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதானே கேள்வி! தார் ரோட்டிலிருந்து கோயிலுக்கு அரை மைல் வண்டிப்பாதை உண்டு. காய்ந்த கரிசல், சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், வேன் தாராளமாகப் போகும். வேன்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்: "வாசப்படிய இடிச்சு நிப்பாட்டணும்." பின்பக்கக் கதவைத் திறந்தால் எதிரே சாமி தெரிய வேண்டும். பத்தடி தூரத்துக்கு எவனும் பிள்ளையைத் தூக்கிவிடுவான். யோசிக்கத் தெரியாதவர்கள்தான் உடம்பை வளைப்பார்கள், யோசிக்கத் தெரிந்தவனுக்கு அது தேவையில்லை என்று விஜயாவிடம் வேறு சொன்னேன். அவள் அதை மறக்கவில்லை, இன்றுவரை.

விசேஷத்துக்கு முந்தின ராத்திரி இடி இடித்து மழை கொட்டியது.

பங்குனியில் மழையா என்று நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடத்துக்கு முன்னால் எந்த மழை வராததால் நேர்ச்சை தள்ளிப்போனதோ, அந்த மழை எல்லாம் சேர்ந்து அன்றைக்கு வந்துவிட்டது. கரிசல் காட்டில் மழை பெய்து ஒருவன் அழுதான் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

காலையில் சீர்த்தட்டுகளோடு வேனில் போய் இறங்கினோம். தார் ரோட்டை விட்டு டயரை இறக்க மாட்டேன் என்று வேன்காரர் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, இதுக்குள்ள வண்டிய விட்டா அடுத்த பங்குனிக்குத்தான் எடுக்கணும்." மகாவும் அவள் அம்மாவும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு வேனில்தான் வந்திருந்தார்கள், முறை அது. புகுந்த வீட்டுச் சனம் முழுக்க மேளத்தோடு ரோட்டுக்கே வந்து காத்திருந்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. மழை பெய்ததில் ஆளாளுக்கு உழவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செண்பகத்தின் மாமியார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "நேர்ச்சைய முழுசா நடத்தி வாங்கிக்கிடணும்னு சாமியே மழைய அனுப்பிருக்கு" என்றார்.

எனக்கு மாலை போட்டார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். இடுப்பில் புதுத் துண்டு. நான் குனிந்தேன், மகாவை என் கழுத்தின் இருபுறமும் கால் போட்டு உட்காரவைத்தார்கள். நிமிர்ந்தபோது என் முதுகில் எங்கோ 'படக்' என்றது. மேளக்காரர்கள் அதை ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்கள்.

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் விஜயா. முள் குத்தும் என்று நான் கழற்றவில்லை. புதுத் தோல் செருப்பு. மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நடக்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓரடி வைத்தால் ஒரு கை மண் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அடிக்கு அதன் மேல் இன்னொரு கை மண். கொஞ்ச தூரத்தில் நம் காலடியில் நாமே இரண்டு அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊர்க்காரர்கள் வெறுங்காலில் விரலை ஊன்றி, மண்ணை உதறி உதறி ஒரு நடை நடந்தார்கள். நான் வளர்ந்துகொண்டே போனேன். மேலே மகா, கீழே மண் என்று இரண்டு பக்கமும் கனம் ஏறியது.

"மாமா, வேகமாப் போங்க. மொட்டைக்கு நேரமாச்சு."

"போறேன் தாயி."

"மாமா, உங்க நெஞ்சு ஏன் ஆட்டோ மாதிரி அடிக்கி? என் காலுல தெரியுது."

பதில் சொல்வதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும், அது என்னிடம் இல்லை. அவளுடைய வெட்டாத ஏழு வருடப் பின்னல் முன்னால் விழுந்து என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. வியர்வையில் சந்தனம் கரைந்து வாய்க்குள் வந்தது. நான் மெதுவாகப் போகப் போக மேளமும் மெதுவானது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, தாய்மாமன் காலுக்குத்தானே அடிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

கருப்பசாமி என் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு, ஸ்டெப்னி டயர் மாதிரி தயாராக வந்துகொண்டிருந்தான்.

"மச்சான், முடியலன்னா சொல்லுங்க. கூச்சப்படாதீங்க."

திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தேன். மகாவின் தம்பி, கைக்குழந்தை கார்த்திக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், சுற்றி இருக்கிற யாரையும் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பரீட்சை முடிவு பார்க்க நிற்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். யாரும் என்னை ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடவில்லை. கோப்பை வாங்கி வா என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் எந்த மனிதனும் செய்கிற காரியம். அதற்கு இந்த உடம்பு ஆகவில்லையே என்று நினைக்கும்போது வந்த அவமானத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு செருப்பு மண்ணுக்குள் நின்றுவிட்டது. கால் மட்டும் வந்தது. அடுத்த அடியில் முழங்கால் மடங்கியது. விழக் கூடாது, விழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, மெதுவாக, மரியாதையாக, மாலையும் கழுத்துமாக நான் சேற்றில் உட்கார்ந்தேன்.

மேளம் நின்றது. எல்லாரும் ஓடிவந்தார்கள். அப்போது என் தலைக்கு மேலே இருந்து ஒரு சத்தம்:

"தொடாதீங்க! நான் காலை மடக்கிட்டேன். மண்ணு படல!"

மகா இரண்டு காலையும் என் மார்பில் மடக்கி, என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என் மேலே உட்கார்ந்திருந்தாள். நேர்ச்சை பிழைத்துவிட்டது. பிழைக்குமா என்று தெரியாமல் இருந்தவன் நான்தான். கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி பறந்தது. எழுந்திருக்கலாம் என்று உடம்புக்கு உத்தரவு போட்டேன். எஸ்.டி.டி.யில் லைன் கிடைக்காத மாதிரி ஒரு பதிலும் இல்லை.

என்னைச் சுற்றி நின்று சட்டம் பேச ஆரம்பித்தார்கள். மாமன் உட்கார்ந்தால் நேர்ச்சை முறியுமா முறியாதா என்று கேள்வி. "மாமன் உக்காந்தாத் தப்பில்ல. பிள்ள கால் மண்ணுல படக் கூடாது. அதான் பேச்சு" என்று செண்பகத்தின் மாமியார் தீர்ப்புச் சொன்னார். கருப்பசாமி கையை நீட்டினான். "அப்பம் நான் தூக்குதேன். குடுங்க."

"வேண்டாம்" என்றாள் செண்பகம். அவள் குரல் உடைந்திருந்தது. "அண்ணன் தோளுன்னு சொல்லி நேந்திருக்கேன். அண்ணன் தோள்லதான் வரணும். இல்லன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்."

கருப்பசாமி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இவன் இப்போது ஏதாவது குத்தலாகச் சொல்லப் போகிறான் என்று நான் எதிர்பார்த்தேன். அவனோ பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிப் போனான். அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராத்திரிக் காவலுக்குப் படுக்கிற கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"மகா மச்சான் தோள்லயே இருக்கட்டும். மச்சான நாம தூக்குவோம். ஏலே, வாங்கலே நாலு பேரு."

நாலு பேர் போதவில்லை. ஆறு பேர் வேண்டியிருந்தது. என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். கயிறு தரைக்கு இறங்கியது, கட்டில் கால் நாலும் மண்ணுக்குள் போனது. "ம்... தூக்கு!" என்று தோளில் ஏற்றினார்கள். கட்டிலில் நான், என் தோளில் மகா. மேளம் மறுபடி ஆரம்பித்தது, தூக்குகிறவர்கள் காலுக்குத் தக்கபடி அதே மெதுவான அடி. "தோள் மாத்திக்கிடுங்கலே, இவிய லேசுப்பட்ட ஆளில்ல" என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், எதிரே ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்தார். மாலை போட்ட ஆள், கட்டில், ஆறு பேர், மேளம். ஆடுகளைச் சட்டென்று ஓரம் கட்டினார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எந்த ஊருக்காரவுகப்பா?"

"கோவில்பட்டி" என்றான் முன்னால் தூக்கியவன், மூச்சு வாங்கியபடி.

"என்ன வயசு இருக்கும்?"

"முப்பத்தாறாம்."

"அடப்பாவமே. பாதி ஆயுசு கூட இருக்கலையே. நெஞ்சடைப்போ?" வெயில் கண்ணில் அடிக்க, கையை மறைப்பாக வைத்து மேலே பார்த்தார். "மேல யாரு, மகளா? பச்சப்பிள்ள, அப்பனப் பிடிச்சுக்கிட்டே வருதே."

"மாமா சாகல தாத்தா" என்றாள் மகா. "மூச்சு மட்டும் வாங்குது."

நான் உயிரோடு இருப்பதைக் காட்டக் கையை லேசாகத் தூக்கினேன். பெரியவர் இரண்டடி பின்னால் போய் ஆட்டின் மேல் விழப் பார்த்தார். தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். எங்கள் அப்பாவும் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே போனவர், ஐம்பதைப் பார்க்காமல். இப்போது எனக்குக் கிடைத்திருப்பது ஒத்திகை என்று தோன்றியது. கூட்டத்தில் விஜயாவைத் தேடினேன். அவள் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை.

சன்னதிக்கு நேராகக் கட்டிலை இறக்கினார்கள். மகா என் தோளிலிருந்து படிக்கல்லில் குதித்தாள். நேர்ச்சை நிறைவேறியது. எப்போதும்வென்றான் என்று பேர் வைத்த ஊருக்குப் பக்கத்தில் நான் இப்படி ஜெயித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, காது குத்த அவளை என் மடியில் உட்காரவைத்தார்கள். மடி ஆடியது. நான் ஆட்டவில்லை, தொடை தானாக ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, காலை ஆட்டாதீங்க. குறி தப்பிரும்" என்றார் ஆசாரி. "நான் எங்க ஆட்டுதேன்?" என்றேன். இரண்டு பேர் என் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வலது காது சரியாக விழுந்தது. இடது காதுக்கு ஊசி வைக்கும் நேரத்தில் அமுக்கிக்கொண்டிருந்தவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. துளை ஓர் உளுந்து அளவுக்கு மேலே ஏறிவிட்டது.

மகா அழவில்லை. கண்ணாடியில் ஜிமிக்கியைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இப்பம் சரியா இருக்கு மாமா" என்றாள். அவள் தலை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், ஒவ்வொரு போட்டோவிலும் தலையைச் சாய்த்துத்தான் நிற்பாள். வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு செண்பகம் மட்டும் சன்னதியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், "அதான் நடந்து முடிஞ்சிருச்சே, என்னத்துக்கு அழுத?" என்றேன்.

"என் நேர்ச்சையே உங்களக் கொன்னுருக்குமேண்ணே" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமி பக்கம் திரும்பினாள். "சாமி, எங்க அப்பா மாதிரி இவரையும் கொண்டுட்டுப் போயிராத. வருஷா வருஷம் பங்குனியில எங்க அண்ணன் தார் ரோட்டுல இருந்து தன் கால்ல நடந்து உன்னைப் பாக்க வருவாரு. வெறுங்கையோட இல்ல, பொங்கல் பானை, அரிசி, விறகு எல்லாம் தோள்ல சுமந்து வருவாரு."

"என்னைய ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்று பதறினேன்.

"மகாவக் கேட்டா நேந்தேன்?"

சாமிக்குச் சொன்னதை மாற்ற முடியாது. மறுவாரம் விஜயா தம்பியிடமிருந்து ஷூவைத் திரும்ப வாங்கிவந்தாள். அன்றிலிருந்து தினமும் நடக்கிறேன். நடந்தால் மனசுக்குச் சுகமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. அலாரம் அடிக்கும்போதெல்லாம் இந்த உலகத்தின் மேலேயே வெறுப்பு வருகிறது. டீக்கடையைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். தொப்பை கரைந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் எஸ்.டி.டி. பூத் செத்துப்போய் ரீசார்ஜ் கடையாகி, அதுவும் செத்துப்போயிற்று. அப்பா போன வயதையும் தாண்டிவிட்டேன். ஒவ்வொரு பங்குனியும் பானையைச் சுமந்துகொண்டு அந்த அரை மைலை நடந்து போகிறேன். வழியில் எவனாவது ஒருவன், "கட்டில் வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

போன மாதம் மகா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள், பார்க்க நானும் போயிருந்தேன். அவள் மகனுக்கு ஐந்து வயது. குறை மாதத்தில் பிறந்தவன், பிறந்த வீட்டுச் சாமிக்கு அவளும் நேர்ந்திருக்கிறாள், அம்மா சொன்ன அதே வார்த்தைகளோடு. அவளும் சென்னையில் இருந்துகொண்டு தள்ளிப்போட்டிருக்கிறாள். இந்தத் தடவை தாய்மாமன், அன்று செண்பகத்தின் இடுப்பில் இருந்த கார்த்திக். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தே பணம் சம்பாதிக்கிறான், உட்கார்ந்தே சாப்பிடுகிறான். கையை நீட்டினால் எல்லாம் எட்டுகிற மாதிரி மேசையை அமைத்திருப்பதாக என்னிடம் பெருமையாகச் சொன்னான். தெறிக்கப் பார்த்த அவன் சட்டையின் நடுப் பட்டன் என் பழைய சட்டையை ஞாபகப்படுத்தியது.

"மாப்ள, இப்பவே கொஞ்சம் நடந்து கிடந்து பழகிக்கிடு" என்றேன்.

"இப்ப எதுக்கு மாமா? கோயில் வாசல் வரைக்கும் சிமெண்டு ரோடு போட்டாச்சு. கார்ல போய் இறங்கினா எதிர்ல சாமி."

எழுந்து தொழுவத்துப் பக்கம் போனேன். கருப்பசாமி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, உடம்பு அப்படியே இருக்கிறது. சுவரில் அந்தப் பழைய கட்டிலைச் சாத்திவைத்திருந்தார்கள்.

"மாப்ள, எதுக்கும் அந்தக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைங்க" என்றேன்.

"போன வாரமே போட்டாச்சு மச்சான்" என்றான் கருப்பசாமி, தலையைத் திருப்பாமல்.